வெளுத்துப்போன பழைய காரின் பெயின்டை மீட்க முடியுமா, சுரண்டிப் புதிதாக அடிப்பதுதான் வழியா?

கேள்வி: அடர்சிவப்பு

அனைவருக்கும் வணக்கம். 1960களின் இறுதியில் தயாரான நான்கு கதவுக் கார் ஒன்று என் பராமரிப்பில் இருக்கிறது. நிறம் அடர்சிவப்பு, மெட்டாலிக் அல்லாத சாதாரணப் பெயின்ட். இன்ஜின், பிரேக் வேலைகள் எல்லாம் முடிந்து வண்டி நன்றாக ஓடுவதால், இப்போது என் கவனம் முழுவதும் பெயின்டின் மேல்தான்.

கூரை, பானெட், டிக்கி மூடி ஆகிய மூன்றும் வெயிலை நேராக வாங்கியதால் பளபளப்பு முற்றிலும் போய் வெளுத்திருக்கின்றன. ஈரக்கையால் தடவினால் சிவப்புத் தூள் கையில் ஒட்டுகிறது. கதவுகளின் பக்கவாட்டில் மங்கல் குறைவு. ஜன்னல் பீடிங்குக்கு அடியிலும் கதவுச் சட்டத்தின் உட்புறத்திலும் பார்த்தால், தொழிற்சாலையில் அடித்த அந்த ஆழ்ந்த சிவப்பு அப்படியே இருக்கிறது. முன்பக்க இடது மட்கார்டில் மட்டும் வலைபோல மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. பானெட்டின் முன் விளிம்பில் கல் பட்டுத் தெறித்த புள்ளிகள் பல இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் துருவும் ஏறியிருக்கிறது.

இரண்டு பெயின்டர்களிடம் காட்டினேன். ஒருவர், எல்லாவற்றையும் தகரம் வரை சுரண்டி, பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்து, மேலே நிறமற்ற கிளியர் கோட் போட்டுவிட்டால் இனி ஒரு தொல்லையும் இராது என்கிறார். இன்னொருவர், ரப்பிங் காம்பவுண்ட் போட்டு இயந்திரத்தால் ஒரு முறை தேய்த்தாலே பழைய பளபளப்பு வந்துவிடும் என்கிறார். முதலாமவர் சொல்வதை ஏற்க மனம் வரவில்லை, இரண்டாமவர் சொல்வதைச் செய்ய அச்சமாக இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த தொழிற்சாலைப் பெயின்டை இயன்றவரை காப்பாற்றவே விரும்புகிறேன்.

இது எந்த வகைப் பெயின்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த அளவுக்கு இதை மீட்கலாம்? மீட்டபின் எதைப் பூசிப் பாதுகாப்பது? எந்த நிலையில் "இனி இதைக் காப்பாற்ற முடியாது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மெழுகுத்துணி

வணக்கம். உங்கள் அச்சம் சரியானது. அந்த இயந்திரத்தை யாரும் தொடும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயின்டின் வகை. 1920களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சுகளைத் தூரிகையால் பல அடுக்குகளாகப் பூசினார்கள். ஒரு வண்டி காய்ந்து முடியவே வாரக்கணக்கில் ஆனது. டூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அந்தக் காலத்தில் வந்து இந்த நிலையை மாற்றியது. பட்டறைகளில் என்.சி. பெயின்ட் என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். 1930களில் ஆல்கிட் எனாமல்களும், 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லேக்கரும் வந்தன. நிறம் ஓர் அடுக்காகவும் அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் இன்னோர் அடுக்காகவும் அடிக்கும் முறை பரவலானது 1980களில்தான். ஆகவே உங்கள் வண்டியின் பெயின்ட் தொழிற்சாலையில் அடித்ததாக இருந்தால், அது பெரும்பாலும் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்டாகவே இருக்கும். கையில் சிவப்புத் தூள் ஒட்டுவதும் இதை உறுதிப்படுத்துகிறது. கிளியர் கோட் போட்ட வண்டியைப் பாலிஷ் செய்யும்போது துணியில் வண்டியின் நிறம் ஏறாது.

லேக்கரா எனாமலா என்று அறிய, கண்ணில் படாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். டிக்கி மூடியின் உட்புறம் பொருத்தமானது. வெள்ளைத் துணியின் நுனியை என்.சி. தின்னரில் நனைத்து, ஒரு விரல் அகலத்துக்கு மென்மையாக ஒற்றிப் பாருங்கள். லேக்கர், தன்னிலுள்ள கரைப்பான் ஆவியானதால் மட்டுமே இறுகிய பூச்சு. அதனால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதே கரைப்பான் பட்டால் மீண்டும் கரையும். துணியில் நிறம் தாராளமாக ஏறும், தொட்ட இடம் பிசுபிசுக்கும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனாலோ சூட்டாலோ வேதிமாற்றம் அடைந்து இறுகுவது. அது இளகலாம், சில நேரம் சுருங்கி மடிப்பு விழலாம், ஆனால் லேக்கரைப் போலக் கரைந்து வராது. கடினமாக்கி கலந்து அடித்த பி.யூ. பெயின்டாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. வெளிப்புறத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது தடிமன். பெயின்டின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் சிறு கருவியை எங்கிருந்தாவது இரவல் பெறுங்கள்; என் கருத்தில் இந்த வேலைக்குப் பாலிஷரைவிட அதுதான் முக்கியமான கருவி. ஒவ்வொரு பேனலிலும் நடுவிலும் விளிம்புகளிலும் அளந்து, ஒரு தாளில் வண்டியின் படத்தை வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் என்றால் பிரைமர் எனும் அடிப்பூச்சு உட்பட மொத்தமாக ஏறத்தாழ 100 மைக்ரான் அளவில், சற்று முன்பின்னாக, எல்லா இடத்திலும் ஒத்த எண்ணாக வரும். ஓரிடத்தில் மட்டும் எண் பல மடங்கு ஏறினால் அங்கே பிற்காலத்தில் மறுபடி அடித்திருக்கிறார்கள். 1000 மைக்ரானைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது என்று பொருள். ஒன்றை மறக்காதீர்கள்: கருவி மொத்தத் தடிமனை மட்டுமே சொல்லும். 100 மைக்ரானில் பிரைமர் எவ்வளவு, தேய்ப்பதற்கு மிஞ்சும் நிறப்பூச்சு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பானெட்டோ டிக்கியோ அலுமினியத்தால் ஆனதாக இருந்தால், இரும்புக்கு மட்டும் அளக்கும் வகைக் கருவி அங்கே பயன்படாது. இரண்டுக்கும் பொருந்தும் வகை வேண்டும்.

இப்போது வெளுப்புக்கு வருகிறேன். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பெயின்டின் பிசினைச் சிதைக்கின்றன. பிசின் போனபின் நிறமித் துகள்கள் பற்றுக்கோடு இல்லாமல் மேற்பரப்பில் தூளாக நிற்கின்றன. அந்தக் கரடுமுரடான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. செத்த அந்த அடுக்கு பெரும்பாலும் மிக மெல்லியது. அதன் கீழே நல்ல பெயின்ட் இருக்கும். முரட்டு ரப்பிங் காம்பவுண்டும் வேகமாகச் சுழலும் ரோட்டரி இயந்திரமும் சேர்ந்தால் செத்த அடுக்கோடு நிற்காமல் உயிருள்ள அடுக்கையும் தின்றுவிடும். அதிலும் உங்களுடையது லேக்கராக இருந்தால், சூட்டில் இளகும் பூச்சு என்பதால், உராய்வுச் சூட்டிலேயே அது இழுபட்டுப் போகக்கூடும்.

எனவே தேய்ப்பதற்கு முன் எண்ணெய் ஊட்டுங்கள். சிராய்ப்புத் துகள் இல்லாத, எண்ணெய்ச் செழிப்புள்ள கிளேஸ் என்ற வகைப் பாலிஷ் கிடைக்கிறது. ஒற்றை அடுக்குப் பெயின்டுகளின் காலத்திலிருந்தே இது புழக்கத்தில் உள்ளது. வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகரம் குளிர்ந்தபின், தடித்த பருத்தித் துவாலைத் துண்டில் கிளேஸைத் தாராளமாக எடுத்து ஒவ்வொரு பேனலாக அழுத்தித் தேய்த்து, துடைக்காமல் ஓர் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் துடைத்து, தேவைப்பட்டால் இன்னொரு முறை செய்யுங்கள். துணி சிவந்து போவதைப் பார்த்துப் பதற வேண்டாம். வருவது செத்த அடுக்கின் நிறமிதான். பெயின்டுக்கு இதனால் மறுபடி உயிர் வருகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிதைந்த பிசினை எந்த எண்ணெயும் மறுபடி கட்டிக் கொடுக்காது. எண்ணெய் நுண்துளைகளில் இறங்கி ஒளிச்சிதறலைக் குறைக்கிறது. காய்ந்த தூள் அடுக்கு உயிருள்ள அடுக்கைக் கீறாமல் வழுக்கி வரவும் உதவுகிறது. அந்த இரண்டுமே போதுமான நன்மைகள்.

இந்தக் கட்டத்திலேயே பல வண்டிகளில் முக்கால் பங்கு நிறம் திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அதன்பிறகும் மங்கல் இருந்தால் மட்டும், மிக நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷை மென்மையான ஸ்பாஞ்ச் பேடில் எடுத்து, ரோட்டரியைத் தவிர்த்து, சுழல்வதோடு ஊசலாடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரைக் குறைந்த வேகத்தில் பயன்படுத்துங்கள். ஓரடிச் சதுரத்தில் செய்து பார்த்து, திருப்தியாக இருந்தால் மட்டும் தொடருங்கள். பேடில் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி கழுவவோ மாற்றவோ வேண்டும். பாடியின் மடிப்புக் கோடுகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட வேண்டும். களிமண் கட்டி எனப்படும் கிளே பாரையும் வெளுத்த பரப்பில் நான் பயன்படுத்த மாட்டேன், ஏனெனில் அதுவும் ஒருவகைச் சிராய்ப்பே.

பதில்: பிரைமர்

மேலே மெழுகுத்துணி அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பெயின்ட் பூத்தில் நின்று வேலை செய்பவன் என்ற முறையில் அவர் விட்ட பக்கத்தை நிரப்ப விரும்புகிறேன்: எண்ணெயும் பாலிஷும் தொட முடியாத குறைகள் உண்டு.

வலைபோன்ற வெடிப்பு அவற்றில் முதன்மையானது. லேக்கர் அளவுக்கு மீறித் தடிமனாக ஏறியிருந்தால், வெப்பத்தில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் ஆண்டுகள் போகப் போக அது வெடிக்கிறது. வெடிப்பு மேற்பரப்பில் மட்டும் இருப்பதில்லை, பெரும்பாலும் அடிவரை இறங்கியிருக்கும். ஆகவே எத்தனை முறை தேய்த்தாலும் மறையாது. பாலிஷின் வெள்ளைத் தூள் அதற்குள் புகுந்து காய்ந்தால் முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். வெடிப்புள்ள மட்கார்டில் காய்ந்து வெள்ளையாகும் எந்தப் பாலிஷையும் போடாதீர்கள்.

இரண்டாவது, கொப்புளம். கதவுகளின் அடிவிளிம்பு, மட்கார்டின் சக்கர வளைவு, கண்ணாடிச் சட்டத்தின் மூலைகள் ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். தூக்கிய புள்ளிகள் தட்டுப்பட்டால் அடியில் துரு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் பெயின்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லித் தகரத்தை இழக்கக் கூடாது. என் முடிவு தெளிவானது: துரு இருக்கும் இடத்தில் தகரத்துக்கு முதலிடம், மற்ற எல்லா இடத்திலும் பழைய பெயின்டுக்கு முதலிடம்.

முழு வண்டியையும் சுரண்டச் சொன்ன பெயின்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. பழைய லேக்கரின்மேல் புதிய பெயின்டை நேராக அடித்தால், புதியதின் கரைப்பான் பழையதை இளக்கிச் சுருக்கிவிடக்கூடும். முந்தைய பராமரிப்பில் சிலிக்கான் கலந்த பாலிஷைப் பயன்படுத்தியிருந்தால், அடித்த பெயின்ட் ஆங்காங்கே விலகி மீன்கண் போன்ற வட்டக் குழிகள் விழும். அதனால் அடிவரை சுரண்டிவிடுவது அவருக்குப் பாதுகாப்பான வழி, வண்டிக்கு மீட்க முடியாத இழப்பு. ஒரு பேனலில் மட்டும் வேலை இருந்தால் அந்தப் பேனலை மட்டும் சுத்தமாக எடுத்து, எப்பாக்சி பிரைமர் போட்டு, ஒற்றை அடுக்குப் பெயின்டாகவே அடிக்கச் சொல்லுங்கள். வெளுத்த பெயின்ட் இருக்க அதன்மேல் கிளியர் கோட் மட்டும் அடித்துப் பளபளப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். செத்த அடுக்கின்மேல் அது பிடிக்காது; கொஞ்ச காலத்தில் தோலாக உரிந்து வரும்போது பழைய பெயின்டையும் கொண்டுபோகும்.

பானெட் விளிம்பின் கல் தெறிப்புகளைப் பொறுத்தவரை, துரு ஏறியவற்றை முதலில் கவனியுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அந்த இடத்தில் மெழுகும் எண்ணெயும் இருக்கக் கூடாது என்பதால் இதை எண்ணெய் ஊட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். கூர்மையான சிறு கத்தி முனையாலோ கண்ணாடி நார்ப் பேனாவாலோ புள்ளிக்குள் மட்டும் துருவைச் சுரண்டுங்கள். சுற்றியுள்ள பெயின்டைத் தொடாதீர்கள். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள துரு மாற்றியை ஊசி முனையளவு வைத்து, அதன் டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, எப்பாக்சி பிரைமரை ஒரு சொட்டு வையுங்கள். அது இறுகியபின் நிறத்தை மெல்லிய சொட்டுகளாகப் பல தடவை வைத்து நிரப்ப வேண்டும். லேக்கர் காயும்போது கரைப்பான் ஆவியாகிச் சுருங்குவதால், ஒரே தடவையில் நிரப்பினால் நாளடைவில் குழியாகிவிடும். சொட்டு சற்று மேடாக நின்றால் நன்கு இறுகும்வரை காத்திருந்து 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் சமன் செய்வது பட்டறை வழக்கம். உங்கள் வண்டியில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேட்டைத் தேய்க்கும்போது சுற்றியுள்ள மூலப் பெயின்டும் தேயும். மிக அருகில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு சிறு மேடு இருந்துவிட்டுப் போகட்டும்.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் நிறமிகளிலும் துருத்தடுப்பு பிரைமர்களிலும் ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு மிகுதி. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். ஈரத்தில் தேயுங்கள், நுண்துகள் தடுக்கும் முகக்கவசம் அணியுங்கள், சிவந்த துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், குழந்தைகளை அந்த இடத்தில் விடாதீர்கள். பி.யூ. பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசிப்பது நீங்காத ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது என்பதால், வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் அதை யாரும் அடிக்கக் கூடாது. வீட்டுக் கொட்டகையில் செய்யும் வேலையே இல்லை அது.

பதில்: நிழல் கொட்டகை

பாதுகாப்பைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மெழுகா, சிந்தெடிக் சீலன்ட்டா, செராமிக் கோட்டிங்கா, ஒளி ஊடுருவும் பாதுகாப்புப் படலமா என்ற கேள்விக்கு, இளைய வண்டிக்கு ஒரு விடை, உங்கள் வண்டிக்கு வேறு விடை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: பூசியதைப் பெயின்டுக்குச் சேதமில்லாமல் மறுபடி நீக்க முடியுமா?

பாதுகாப்புப் படலத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். அதன் பசை பெயின்டின்மேல் பிடிக்கிறது. பெயின்ட் தகரத்தின்மேல் அதைவிட வலுவாகப் பிடித்திருந்தால்தான் படலத்தை ஒருநாள் பத்திரமாக உரிக்க முடியும். பழைய லேக்கருக்கும் எந்தக் காலத்தில் யார் அடித்தார்கள் என்று தெரியாத டச்சப்புகளுக்கும் அந்த உறுதியை யாராலும் தர இயலாது. செராமிக் கோட்டிங் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு பெயின்டோடு இறுகப் பிணைவது. அது நீண்ட காலம் நிற்கும் என்று சொல்லி விற்கிறார்கள். நீக்க வேண்டுமானால் சிராய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே வருகிறது. மேலும் அதைப் பூசும் முன் பரப்பில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது என்று ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைப்பார்கள். அந்தத் துடைப்பு நீங்கள் பொறுமையாக ஊட்டிய எண்ணெயை எடுத்துவிடும், லேக்கரை இளக்கவும் கூடும். ஆகவே மூல லேக்கரில் இதையும் நான் அனுமதிக்க மாட்டேன்.

எஞ்சுவது மெழுகும் சீலன்ட்டும். கர்னாபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் இலைகளிலிருந்து கிடைப்பது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின்தான் உருகுகிறது. அடர்சிவப்பு ஒற்றை அடுக்குப் பெயின்டில் அது தரும் ஆழமும் இளஞ்சூடான பளபளப்பும் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. சில வாரங்கள், மிஞ்சினால் ஓரிரு மாதங்கள் நிற்கும். திரும்பப் பூச வேண்டும். பாலிமர் சீலன்ட் அதைவிடச் சில மாதங்கள் கூடுதலாக நிற்கும். அடிக்கடி ஓட்டும் வண்டிக்கு சீலன்ட், பெரும்பாலும் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு மெழுகு என்பது என் பரிந்துரை. எதை வாங்கினாலும் அதில் சிராய்ப்புத் துகள் கலக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள். "சுத்தமும் செய்யும், பளபளப்பும் தரும்" என்று எழுதியிருக்கும் மெழுகுகள் ஒவ்வொரு முறையும் சிறிது பெயின்டையும் எடுத்துக்கொள்கின்றன.

ஆனாலும் உங்களைப் போன்றவர்களிடம் நான் வற்புறுத்துவது வேறு: எந்த மெழுகும் வெயிலை நிறுத்தாது. தண்ணீரையும் அழுக்கையும் அது தடுக்கும். கூரையை வெளுக்க வைத்த புற ஊதாக் கதிரை அது பொருட்படுத்தத்தக்க அளவுக்குத் தடுப்பதில்லை. நிழல்தான் தடுக்கும். மேற்கூரை உள்ள இடம் கிடைத்தால், விலை உயர்ந்த எந்தக் கோட்டிங்கையும்விட அது மேல். உறை போடுவதானால் காற்றுப் புகும் துணியுறை போடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குள் ஈரம் அடைபட்டுப் பெயின்டில் கொப்புளம் கிளம்பும்; தகரத்தின் மூலைகளில் துருவும் பிடிக்கும். கொட்டகைக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 60ஐத் தாண்டினால் இரும்பு துருப்பிடிப்பது விரைவடைகிறது. தூசி படிந்த வண்டிமேல் உறையை இழுத்துப் போர்த்தாதீர்கள். அந்தத் தூசியே உப்புத்தாளாக மாறித் தேய்க்கும்.

கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் அமிலமோ காரமோ இல்லாத ஷாம்பூ, மற்றதில் கையுறைத் துணியை அலசும் வெறும் தண்ணீர். பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகைக் கரைத்துவிடும். வெடிப்புள்ள இடத்திலும் தெறித்த புள்ளிகளிலும் அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியைக் காட்டாதீர்கள். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருப்பதால், பார்த்தவுடன் ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் வைத்து ஊறவிட்டு எடுங்கள். காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் விழும். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் டாங்க் வாயைச் சுற்றி ஒரு துணி வையுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் இளகி உரியும். துடைப்பதோடு நில்லாமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

அடர்சிவப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடி செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

டிக்கி மூடியின் உட்புறத்தில் தின்னர் தொட்டவுடன் துணி நன்றாகச் சிவந்தது, இடமும் பிசுபிசுத்தது, ஆகவே லேக்கர்தான். தடிமன் கூரையிலும் கதவுகளிலும் டிக்கியிலும் 90 முதல் 120 மைக்ரான் வரை சீராக வருகிறது. வெடிப்புள்ள இடது மட்கார்டில் மட்டும் 400ஐ ஒட்டி நிற்கிறது. பானெட்டின் நடுவில் 95, முன் விளிம்பில் 60. துருப் புள்ளிகளை முதலில் முடித்துவிட்டு, டிக்கி மூடியில் கிளேஸ் ஊட்டி ஓர் இரவு விட்டுத் துடைத்தேன். வெளுப்பு பெரும்பாலும் போய், பீடிங்குக்கு அடியில் இருக்கும் சிவப்புக்கு மிக நெருங்கி வந்துவிட்டது. இயந்திரம் இல்லாமலே இது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு ஐயங்கள் மிஞ்சியிருக்கின்றன. பானெட்டின் நடுப்பகுதியில் கிளேஸுக்குப் பிறகும் சற்று மங்கல் இருக்கிறது. அங்கே இயந்திரம் போடலாமா? இடது மட்கார்டை என்ன செய்வது?

பதில்: மெழுகுத்துணி

அளவுகள் மிகத் தெளிவாக இருக்கின்றன. நடுவில் 95 என்பது பிரைமரையும் சேர்த்த எண் என்பதால், நான் முதலில் கிளேஸை இன்னும் ஒரு சுற்றுப் போட்டுப் பார்ப்பேன். அதற்கும் அசையாவிட்டால் ஃபினிஷிங் பாலிஷை மென்மையான பேடில், குறைந்த வேகத்தில், ஒரே ஒரு முறை. கையால் தொட்டால் தகரம் வெதுவெதுப்பாகத் தெரியும் முன்பே நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் மறுபடி அளந்து அந்தத் தாளில் குறித்துவிடுங்கள். அடுத்து இந்த வண்டியைப் பராமரிப்பவருக்கும் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டும்.

முன் விளிம்பில் 60 இருக்கும் இடத்தில் இயந்திரம் வேண்டவே வேண்டாம். அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டு நடுவில் வேலை செய்யுங்கள். விளிம்புக்குக் கையால் கிளேஸும், அதன்மேல் மெழுகும் மட்டும் போதும். நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் பளபளப்பில் சிறு வேறுபாடு இருக்கும். பிரைமர் தெரிந்துவிடுவதோடு ஒப்பிட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பதில்: பிரைமர்

400 மைக்ரான் என்றால் அந்த மட்கார்டு பிற்காலத்தில் மறுபடி அடிக்கப்பட்டது. பழையதை எடுக்காமல் மேலேயே ஏற்றியிருக்கிறார்கள், அதனால்தான் அது மட்டும் வெடித்திருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் அங்கே ஏற்கெனவே மேற்பரப்பில் இல்லை என்பதால், அந்த ஒரு பேனலைச் சுரண்டி அடிப்பதில் உங்கள் மனச்சாட்சிக்கு எந்த உறுத்தலும் வேண்டியதில்லை. பழைய வாகனங்களுக்காக 1966 முதல் இயங்கும் உலகக் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட டுரின் சாசனம்கூட, உள்ளதைக் காப்பதற்கு முதலிடம் கொடுத்து, தவிர்க்க முடியாத மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கச் சொல்கிறது. சுரண்டும்போது ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுத்து வையுங்கள். அடியில் மூலச் சிவப்பின் ஓர் ஓரம் கிடைத்தாலும் அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

நிறப் பொருத்தத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பாடியில் உள்ள நிறக் குறியீட்டுத் தகட்டைப் பார்த்து அப்படியே கலந்தால், அது புதிய வண்டியின் சிவப்பாக வரும். பக்கத்துக் கதவின் ஐம்பது ஆண்டுச் சிவப்போடு ஒட்டாது. பீடிங்குக்கு அடியில் உள்ள சிவப்பை மாதிரியாக எடுத்தாலும் இதே சிக்கல்தான். ஆகவே மற்ற பேனல்கள் எல்லாம் எண்ணெய் ஊட்டி, தேவையான இடத்தில் பாலிஷ் முடிந்து, மெழுகு பூசும் முன் இருக்கும் நிலையில், முன் கதவின் நிறத்துக்கு இணையாகக் கலக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு தகரத் துண்டில் அடித்து, காய்ந்து மெருகேற்றியபின், கதவின்மேல் வைத்து பகல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் பாருங்கள்; ஒன்றில் பொருந்தி மற்றதில் விலகும் கலவைகள் நிறைய உண்டு. இரண்டிலும் பொருந்தினால் மட்டும் மட்கார்டில் அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும் நாளில் கதவு, பானெட், கண்ணாடி எல்லாவற்றையும் முழுமையாக மூடச் சொல்ல வேண்டும். பறந்து படியும் பெயின்ட் துளிகளை மூல லேக்கரிலிருந்து தின்னரால் துடைக்க முடியாது. புதிய பெயின்ட் இறுகித் தன் கரைப்பானை வெளியேற்றும்வரை, அந்த மட்கார்டுக்கு மட்டும் சில வாரங்கள் மெழுகு வேண்டாம்.